மூச்செடுக்கச் சொல்பவர்

அவரை நான் முதன்முதலில் சந்தித்தது ஒரு நேர்முகத் தேர்வில். சந்தித்த முதல் நிமிடத்திலேயே என் மூச்சு நின்றது. அழகுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே நிறுத்தி வைத்தார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தைக் கசங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் ஆறாவது மாடி அலுவலகத்துக்குப் படியேறிப் போய்ச் சேர்ந்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்டைப் பார்த்துக்கொள்கிற கம்பெனி குடியிருக்கிற கட்டடத்திலேயே லிஃப்ட் ஓடவில்லையே என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். வேலை தேடுகிறவனுக்கு அப்படியெல்லாம் யோசிக்கத் தோன்றாது.

மேசைக்குப் பின்னால் மேலாளர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, இஸ்திரி கலையாத முகம். நான் என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேரு அப்புறம். முதல்ல ஒரு மூச்சு எடுங்க."

"எடுத்துட்டுதான் சார் இருக்கேன்."

"அது தானா வர்ற மூச்சு. நீங்களா எடுங்க. நாலு எண்ணி உள்ள. நாலு எண்ணி அப்படியே நிறுத்தணும். நாலு எண்ணி வெளிய. நாலு எண்ணி காலியா இருக்கணும். எங்க, ஆரம்பிங்க பாப்போம்."

இழுத்தேன். "நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். யாரிடமோ ஏதோ ஒரு சங்கிலியின் நீளத்தைப் பற்றிப் பேசினார். சிரித்தார். மறுபடி நீளத்துக்கு வந்தார். நானோ நிறுத்தியபடியே இருந்தேன். விடலாமா? விடச் சொல்லவில்லையே? ஒருவேளை இதுதான் தேர்வோ? சின்ன வயதில் கிணற்றில் குதித்து அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வருகிற போட்டியில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த அனுபவம் கைகொடுத்தது. கண் ஓரத்தில் பூச்சி பறக்க ஆரம்பித்த நேரத்தில் அவர் திரும்பினார்.

"அட, இன்னுமா? விடுங்க, விடுங்க!" பிறகு என்னை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல கொள்ளளவு."

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கவே இல்லை.

மனிதர்களில் மூச்செடுக்கச் சொல்பவர் என்று ஓர் இனம் உண்டு. மூச்சுப் பயிற்சி செய்பவர் வேறு, செய்யச் சொல்பவர் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். செய்பவர் பாவம், நம்மைப் போல ஒருவர். கழுத்துவரை வேலை வந்து நெரிக்கும்போது நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் எண்ணி மூச்சுவிட்டு, படபடப்பு அடங்கியதும் எழுந்து அந்த வேலையைச் செய்யப் போய்விடுவார். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. செய்யச் சொல்பவர் அப்படியல்ல. அவருக்குப் படபடப்பே கிடையாது. ஏனென்றால் படபடக்க வேண்டிய வேலைகளையெல்லாம் அவர் நமக்குக் கொடுத்துவிட்டு, கூடவே மூச்சையும் கொடுத்துவிடுகிறார்.

எங்கள் மேலாளருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் நாலெண்ணி சார். அவருக்கும் அது தெரியும். பட்டமளிப்பு விழாவில் கிடைத்ததைப் போல அதை ஏற்றுக்கொண்டிருந்தார்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் இருப்பார், பாருங்கள். வேகமாக நடக்க மாட்டார். வேகமாக நடப்பவரை நிறுத்தி "எங்க ஓடறீங்க?" என்று கேட்பார். எங்கே ஓடுகிறோம் என்று சொன்னாலும் காதில் வாங்காமல் நம் தோளைப் பார்ப்பார், நம் தாடையைப் பார்ப்பார், கட்டைவிரலை மடக்கி வைத்திருக்கிறோமா நீட்டி வைத்திருக்கிறோமா என்று பார்ப்பார், வயிற்றைப் பார்த்து "இங்கருந்து வரணும்" என்பார், வந்துவிட்டது என்று நாம் சொன்னால் "வரல" என்பார். கேட்டதை அவர் ஒருபோதும் மறுக்க மாட்டார். அதுதான் அவருடைய திறமை. நான் வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் விடுப்பு கேட்கப் போனேன்.

"சார், தங்கச்சிக்கு காலேஜ் சேர்க்கை. கூட போகணும். ஒரு நாள் லீவு வேணும்."

"இத கேக்கும்போது உங்க தோள் எங்க இருந்துச்சுன்னு கவனிச்சீங்களா?"

"எங்க சார்?"

"காது பக்கத்துல இருந்துச்சு. இறக்குங்க. இன்னும். ஆங். இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு சார்."

"அவ்ளோதான்."

தோள் இறங்கிய நிம்மதியில் வெளியே வந்து என் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, விடுப்பு கிடைக்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்டால் தோள் மறுபடி ஏறியிருக்கும்.

அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டால் அதைச் சுற்றி நின்று எல்லோரும் ஒரு சுற்று மூச்சுவிட்டோம். தாள் சிக்கியே இருந்தது. சிக்கியதைப் பற்றி எங்களுக்கு இருந்த மனவருத்தம் மட்டும் போய்விட்டது. குளிர்சாதனம் கெட்டுப்போன வாரத்தில் அவர் வாயைக் குழல்போலக் குவித்துக் காற்றிழுக்கும் ஒரு தனிப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். அது உடம்பைக் குளிர வைக்குமாம். பதினான்கு பேர் சீழ்க்கையடிக்க வருகிறவர்கள் போல வாயைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பொருள் கொண்டுவந்து கொடுக்கிறவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, தவறான மாடி என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தானே என்று கேட்பீர்கள். எங்கள் வேலை வேறு மாதிரி இல்லாதிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஊரில் எங்கே லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே இருப்பவர் மணிப் பொத்தானை அழுத்தினால், அது எங்கள் மேசையில்தான் ஒலிக்கும். நாங்கள் எடுத்து, கட்டடம் எது, எத்தனை பேர் என்று கேட்டு, மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். காலையில் மூன்று மெக்கானிக்குகள். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரே ஒருவர். நாங்கள் மெக்கானிக் அண்ணன் என்று கூப்பிடுகிற மனிதர், ஒரு பைக், ஒரு கருவிப் பை. லிஃப்டுகளுக்கோ இரண்டு மணி தெரியாது.

அந்த மதிய நேரத்தில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருப்பவர் அக்கா. எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட ஆறு வயது மூத்த நாலெண்ணி சாருக்கும் அக்கா. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். முதல் நாள் மதியம் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "பயப்படாதீங்கம்மா. ஆள் கிளம்பிட்டார். பத்து நிமிஷத்துல வந்துடுவார்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணன் எங்க இருக்கார்க்கா?" என்றேன்.

"ஊருக்கு அந்தக் கடைசியில. இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும்."

"பத்து நிமிஷம்னு சொன்னீங்க?"

"ஒன்றரை மணி நேரம்னு சொன்னா உள்ள இருக்கிற மனுஷி என்ன ஆவா? அதனால பத்து நிமிஷம். அது முடிஞ்சதும் கூப்பிடுவா. இன்னொரு பத்து நிமிஷம். இப்படியே ஒம்பது பத்து." பதிவேட்டில் நேரத்தைக் குறித்தார். "ஒரு நாளைக்கு நாப்பது தடவ சொல்றேன் தம்பி. வீட்ல புள்ள 'எப்பம்மா வருவே'ன்னு கேட்டா, பத்து நிமிஷம்னு வாய் தானா சொல்லுது. அது 'பொய்தானே'ங்குது."

மதியத்துக்கு இரண்டாவது மெக்கானிக் வேண்டும் என்று அக்கா நாலெண்ணி சாரிடம் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டது அது ஒன்றுதான். சம்பள உயர்வு கேட்கவில்லை, வேறு நாற்காலி கேட்கவில்லை. சொல்கிற நேரத்துக்கு ஆள் போய்ச் சேர வேண்டும்.

நாலெண்ணி சார் மறுத்தாரா? அவர்தான் மறுக்க மாட்டாரே. பிரச்சினையை வேரோடு பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். மெக்கானிக் தாமதமாவது பிரச்சினையில்லை, அந்தத் தாமதத்தைப் பற்றி உள்ளே இருப்பவர் படுகிற டென்ஷன்தான் பிரச்சினை என்று கண்டுபிடித்தார். மறுநாள் சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. இனி ஒவ்வொரு அழைப்பையும் எடுப்பதற்கு முன்னால் நாங்கள் ஒரு சுற்று மூச்சுவிட வேண்டும். எடுத்த பிறகு, உள்ளே இருப்பவரையும் விட வைக்க வேண்டும்.

ஒரு சுற்று என்பது பதினாறு வினாடி. லிஃப்டுக்குள் விளக்கு அணைந்து நிற்பவருக்குப் பதினாறு வினாடி எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியுமா? நாங்கள் அமைதியே உருவாகப் போனை எடுக்கும்போது எதிர்முனையில் ஒருவர் கதவை உதைத்துக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பயிற்சி வேலை செய்தது. அதுதான் வினை.

ஒரு நாள் ஒரு பல் மருத்துவர் மாட்டிக்கொண்டார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில். எடுத்தது நான்.

"சீக்கிரம் ஆள் அனுப்புங்க! மேல கிளினிக்ல ஒருத்தருக்கு மரத்துப்போக ஊசி போட்டுட்டு, மருந்துப் பெட்டி எடுக்க கீழ வந்தேன். அவர் வாயத் திறந்துட்டு உக்காந்திருக்கார்!"

"சார், முதல்ல ஒரு மூச்சு எடுங்க. நாலு எண்ணி…"

"யோவ், அவர் வாய் திறந்திருக்குய்யா!"

"புரியுது சார். நீங்க மூக்கு வழியா எடுங்க."

எடுத்தார். நிறுத்தினார். விட்டார். பத்தாவது சுற்றில் அவர் குரல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. இருபதாவது சுற்றில் தன் கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசினார். ஒரு மணி பத்து நிமிடம் கழித்து மெக்கானிக் அண்ணன் போய்க் கதவைத் திறந்தபோது எனக்கு நன்றி சொல்லச் சொன்னாராம். மேலே போய்ப் பார்த்தால் நாற்காலி காலி. மரத்தது தெளிந்து, வாயை மூடிக்கொண்டு அந்த மனிதர் வீட்டுக்குப் போயிருந்தார். மருத்துவர் கருத்துப் படிவத்தில் 'மிகவும் அமைதியான சேவை' என்று எழுதியிருந்தார்.

நாலெண்ணி சார் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

மாதா மாதம் ஒரு அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போகும். அதன் அட்டவணையில் அவர் மூன்று பத்திகளைச் சேர்த்தார்: கத்தியவர்கள், அழுதவர்கள், அமைதியானவர்கள். முன்பெல்லாம் நூறு பேரில் அறுபது பேர் கத்தினார்கள். நான்கே மாதத்தில் அது ஒன்பதாக இறங்கியது. காத்திருந்த நேரம் என்று பழைய பத்தி ஒன்று இருந்தது. அது ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. அந்தப் பத்தியை அவர் எடுத்துவிட்டார். பார்த்தாலே டென்ஷன் ஆகிறதாம். தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. மக்கள் அமைதியாக இருக்கும்போது இரண்டாவது மெக்கானிக் எதற்கு என்று அதில் ஒரு வரி இருந்தது.

அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்தார். "கத்திட்டிருந்தப்பவாவது யாரோ கத்தறாங்கன்னு மேல தெரிஞ்சுது" என்றார். மூச்சுப் பயிற்சியெல்லாம் செய்தவர்தான். அதிலிருந்து அவர் பத்து நிமிடம் என்று சொல்லும்போது குரல் நடுங்குவதில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் செய்த காரியம், மேலாளரைத் தாண்டித் தலைமை அலுவலகத்துக்குத் தானே கடிதம் எழுதியது. ஒரு மாத மதியங்களின் பட்டியல். சொன்ன நேரம் பத்து நிமிடம். ஆன நேரம் எழுபது, தொண்ணூறு, நூற்றுப் பத்து. ஒரு புதன்கிழமை பதில் வந்தது. ஒரு மெக்கானிக் இடம் காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மேலாளரின் கையெழுத்தோடு விண்ணப்பம் வந்தால் உங்கள் கிளைக்கு. வராவிட்டால் அடுத்த கிளைக்கு.

அக்கா அரைமணி நேரத்தில் விண்ணப்பத்தை அடித்து நாலெண்ணி சாரின் மேசையில் வைத்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

புதன்கிழமை மாலை: "படிச்சேன்க்கா. படிக்கும்போது எனக்கே மூச்சு மேல ஏறிடுச்சு. அந்த மாதிரி நேரத்துல கையெழுத்து போடக் கூடாது."

வியாழக்கிழமை: "இன்னிக்கு பரவால்ல. நாளைக்கு இன்னும் தெளிவா இருப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை: "சாப்ட்டு, நடந்துட்டு வந்து மூணு மணிக்கு போடறேன். போதுமா?"

மதியம் இரண்டே முக்காலுக்கு அவர் கீழே போனார். சாப்பிட்ட பிறகு கட்டடத்தைச் சுற்றி, நாலு அடிக்கு ஒரு மூச்சு என்று நடப்பது அவர் வழக்கம். மூன்று மணி ஆயிற்று. வரவில்லை. மூன்று பத்துக்கு என் மேசையில் போன் அடித்தது. ஒரு சுற்று மூச்சுவிட்டு எடுத்தேன். எங்கள் கட்டடத்து வாட்ச்மேன்தான்.

"தம்பி, நம்ம லிஃப்ட் மறுபடி நின்னுபோச்சு. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"பாக்கல தம்பி. யாரோ சோபா இறக்குனாங்க, அதுல நின்னுட்டேன். ஆனா மேல ஏறி கதவத் தட்டினேன், குரல் குடுத்தேன். ஒரு சத்தமும் இல்ல."

"மணி அடிக்கலையே?"

"அடிக்கல."

பதிவேட்டில் எழுதினேன்: ஆள் இல்லை. நாளைக் காலை. அதுதான் விதி. உள்ளே ஆள் இல்லாத லிஃப்டுக்கு டென்ஷன் கிடையாது, ஆகவே மதிய மெக்கானிக்கை அதற்கு அனுப்பக் கூடாது என்று நாலெண்ணி சாரே வகுத்த விதி.

நான்கு மணிக்கு அக்கா விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைத் தேடக் கிளம்பினார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கீழே போய்க் கட்டடத்தை இரண்டு முறை சுற்றினார். வண்டி நிறுத்துமிடத்தில் அவருடைய கார் இருந்தது. மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கே இல்லை. கழிப்பறை வாசலில் நின்று என்னை உள்ளே அனுப்பினார். அங்கேயும் இல்லை. மறுபடி கீழே, மறுபடி மேலே. நான்கே முக்காலுக்கு நானும் பக்கத்து இருக்கைக்காரரிடம் போனை ஒப்படைத்துவிட்டு ஓடினேன். ஐந்தாவது மாடியில், மூடிய லிஃப்ட் கதவுக்கு எதிரே, படியில் அக்கா உட்கார்ந்துவிட்டார். இனிமேல் ஒரு படிகூட ஏற முடியாது என்பதுபோலத் தலையைச் சுவரில் சாய்த்தார். காகிதம் மடியில் கிடந்தது.

அப்போது அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து, மிக நிதானமாக, யாரோ மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா கதவுக்குப் போய்த் தட்டினார்.

"சார்?"

நான்கு வினாடி. "ம்?"

"நீங்களா சார்? உள்ளயா இருக்கீங்க? எவ்ளோ நேரமா?"

"நேரம் பாக்கல. நானூத்திச் சொச்சம் சுத்து முடிஞ்சுது."

"மணி அடிச்சிருக்கலாமே சார்!"

"எதுக்கு? மணி அடிச்சா அமைதி கலைஞ்சிடும். இந்த மாதிரி ஒரு தனிமை எனக்கு எப்ப கிடைச்சுது சொல்லுங்க."

"வாட்ச்மேன் தட்டினாராமே?" என்றேன் நான்.

"தட்டினார். அப்ப நிறுத்தற கட்டத்துல இருந்தேன்."

மணி நான்கு ஐம்பத்திரண்டு. இரண்டு கதவுப் பலகைகளுக்கும் நடுவில் விரல் நுழையாத ஒரு இடுக்கு இருந்தது. உள் கதவை அவரே கையால் விலக்கிக்கொண்டார். அக்கா காகிதத்தை நான்காக மடித்து இடுக்கில் செருகினார். அது உள்ளே போயிற்று. பிரிக்கிற சத்தம் கேட்டது.

"சார், அஞ்சு மணிக்குள்ள போகணும். கையெழுத்து மட்டும் போடுங்க."

"அக்கா, நீங்க மூச்சு வாங்கறது இங்க வரைக்கும் கேக்குது. இந்த நிலைமையில ஒரு முடிவு எடுக்கறது உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல. முதல்ல ஒரு…"

நான்கு ஐம்பத்து நான்கு. எனக்குக் கதவை உதைக்கலாமா என்று தோன்றியது. அக்கா கதவில் நெற்றியை வைத்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"சார், மெக்கானிக் எப்ப வருவார்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"வருவார். எப்ப வருவார்?"

அக்கா கண்ணை மூடினார். பதினொரு வருடமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதில் சொன்ன வாய். அது திறந்து, நின்றது. பிறகு வேறு பதில் வந்தது.

"ரெண்டு மணி நேரம் ஆகும் சார். அண்ணன் இப்ப ஆஸ்பத்திரி லிஃப்ட்ல இருக்கார். அத முடிச்சிட்டு, ஒரு அம்மாவும் குழந்தையும் மாட்டியிருக்காங்க, அவங்ககிட்ட போகணும். அப்புறம்தான் இங்க. அதுவும் பதிவேட்டுல உங்கள 'ஆள் இல்லை'ன்னு எழுதியிருக்கு. விதிப்படி பாத்தா நாளைக்கு காலையில."

நாலு எண்ணும் அளவுக்கு நின்றோம். உள்ளிருந்து மூச்சு வந்தது. ஆனால் அது அவருடைய மூச்சாக இல்லை; குட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, உங்களுடையதையும் என்னுடையதையும் போல இருந்தது. நானூறு சுற்றும் மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில் ஓடியவை என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவருக்கும்தான்.

"ஏங்க…" குரல் சின்னதாகியிருந்தது. "பத்து நிமிஷம்னு சொல்லுங்களேன்."

"சொல்ல மாட்டேன் சார்."

சட்டைப் பையில் பேனாவைத் தேடுகிற சத்தம். பேனா கீழே விழுகிற சத்தம். பஸ்ஸில் நடத்துநர் கிழித்து நீட்டுகிற சீட்டைப்போலக் காகிதம் இடுக்கு வழியே வெளியே வந்தது. அந்தக் கையெழுத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முத்து முத்தாக இருக்கும். அன்றைக்கு அது ஒரு மூலையில் கிளம்பி இன்னொரு மூலைக்கு ஓடியிருந்தது. நானும் ஓடினேன். நான்கு ஐம்பத்தொன்பதுக்கு விண்ணப்பம் ஸ்கேன் ஆகி மின்னஞ்சலில் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது.

திரும்பி வந்தபோது அக்கா அதே படியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகிற நேரம். போகவில்லை. "சட்டை பட்டன தளத்திக்கோங்க சார். தரையில உக்காருங்க. எண்ணுங்க, நானும் எண்ணறேன்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் அண்ணன் ஏழு மணிக்கு முன்னால் வந்து கதவைத் திறக்கும்வரை எண்ணினார். அன்றைக்குத்தான் அந்தப் பயிற்சி முழுதாகச் செய்யப்பட்டு நான் பார்த்தேன்: வெளியே ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், எவ்வளவு நேரம் ஆகும் என்று உண்மையைச் சொல்லியிருந்தார், ஆளும் வந்துகொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு நாலெண்ணி சார் திருந்தினார் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அவர் திங்கட்கிழமை தெளிந்த முகத்தோடு வந்தார். லிஃப்டுக்குள் நான்கு மணி நேரம் இருந்தும், மூச்சின் பலத்தால் அங்கிருந்தபடியே ஒரு முக்கியமான நிர்வாக முடிவை ஒரே நிமிடத்தில் எடுக்க முடிந்தது என்று எங்கள் எல்லோருக்கும் விளக்கினார். அதைப் படங்களோடு ஒரு உரையாகத் தயாரித்தார். மற்றக் கிளைகளுக்கும் போய்ப் பேசினார். அக்காவின் பெயர் அந்த உரையில் வரவில்லை. 'ஒரு பதற்றமான சக ஊழியர்' என்று வந்தது.

அக்காவிடம் கேட்டேன், கோபம் வரவில்லையா என்று. "மெக்கானிக் வந்தாச்சில்ல?" என்றார்.

இது தொற்றுகிற இனம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அப்பா ஊரிலிருந்து கூப்பிட்டார். கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது, பயிர் வாடுகிறது, எரிந்த கம்பிச் சுருளைப் பிரித்துப் புதுக் காயில் கட்டுகிறவர் போனை எடுக்க மாட்டேன் என்கிறார் என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அப்பா, முதல்ல ஒரு மூச்சு எடுங்க."

அப்பா எடுத்தார். படித்த பிள்ளை சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று நம்புகிற மனிதர். நாலு எண்ணி நிறுத்தினார். நாலு எண்ணி விட்டார். காலியாகவும் இருந்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"இப்ப மோட்டார் ஓடுமாப்பா?"

நான் போனை வைத்துவிட்டு, காயில் கட்டுகிறவரைத் தேடிப் பதினோரு பேரைக் கூப்பிட்டேன்.

நீங்கள் அப்படியெல்லாம் கிடையாது, தெரியும். உங்களிடம் யாராவது வந்து கஷ்டத்தைச் சொன்னால் நீங்கள் உடனே எழுந்து போய் ஏதாவது செய்கிறவர். "டென்ஷன் ஆகாத", "எல்லாம் சரியாயிடும்", "நிதானமா யோசிப்போம்" என்பதெல்லாம் உங்கள் வாயில் வருவதே இல்லை. எதற்கும் கடைசியாக உங்களிடம் அப்படி வந்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். வரும்போது ஒன்று கேட்டார் அல்லவா? போகும்போது அவர் கையில் அது இருந்ததா? ஞாபகம் வரவில்லையா? அவர் ரொம்ப அமைதியாகப் போனார் என்பது மட்டும்தான் ஞாபகம் வருகிறதா?

நாலெண்ணி சார் இப்போது தலைமை அலுவலகத்தில் ஊழியர் நலப் பிரிவுக்குத் தலைவராக இருக்கிறார். நான் அவருடைய பழைய கிளையில் மாத அறிக்கை எழுதுகிறேன். எடுத்துவிட்ட பத்தியைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். மதியத்துக்கு இரண்டு மெக்கானிக்குகள் போகிறார்கள். அக்கா அதே நாற்காலியில்தான் இருக்கிறார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பவர்களிடம் நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடம் என்கிறார். சிலர் கத்துகிறார்கள்.